மறுமணம் செய்யாதவரை

மே 30, செவ்வாய்

காலையில் பழங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது ரெஜிலா வந்து எதிரே நின்றாள். மெடிக்கல் ஸ்டோருக்கு வேலைக்குப் புறப்பட்ட கோலம். தோளில் போட்ட பையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"மாமா, நான் கல்யாணம் செய்யலாம்னு இருக்கேன்."

சந்தைக்குப் போகலாம் என்று இருக்கிறேன் என்பதுபோல் சொன்னாள். எனக்கு வாயில் வந்தது, "கஞ்சி ஆறிப்போச்சு" என்பதுதான். பழங்கஞ்சியில் ஆறுவதற்கு என்ன இருக்கிறது? அவள் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எழுதி வைக்கிறேன், பிறகு ஒருவரும் மாற்றிப் பேசக்கூடாது. ஆஸ்டின் என் மூத்த மகன். ரெஜிலாவைக் கட்டி இரண்டு வருடம் முடியும் முன்பே பைக்கில் போனவன் லாரியில் அடிபட்டுப் போனான். பிள்ளை இல்லை. இவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று ஊர் சொன்னது. போகவில்லை. அடுத்த வருடம் என் மனைவி கமலபாய் படுக்கையில் விழுந்தபோது மலம் மூத்திரம் அள்ளியது இவள். இளையவன் ரிஜோ பெங்களூரிலிருந்து வீடியோவில் அழுதான்.

அதனால்தான் வீட்டையும் அது நிற்கிற ஒன்பது சென்ட் நிலத்தையும் ரெஜிலாவுக்கு உயில் எழுதிப் பதிவு செய்தேன். நான் கொத்தனாராக இருந்து கான்ட்ராக்டர் ஆனவன். இந்த வீட்டின் அஸ்திவாரக் கல்லிலிருந்து என் கை பட்டது. அதை மருமகளுக்கு எழுதிய கிறுக்கன் என்று சபை முழுக்கச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

இப்போது இவளே அவர்களை மறுபடியும் சிரிக்க வைக்கப் போகிறாள்.

மே 31, புதன்

மாப்பிள்ளை பெயர் செல்வின். அரசு பஸ் கண்டக்டர். இவள் தினமும் வேலைக்குப் போகிற அதே பஸ். வேறு சபைக்காரன். சொந்த வீடு கிடையாது, அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறான். கல்யாணம் ஆனாலும் அதே அறைதானாம்.

ஒன்பது சென்ட் வீட்டை விட்டு ஒரு அறைக்குப் போகிறாள். நல்ல புத்தி.

ஜூன் 1, வியாழன்

தேங்காய் வெட்ட ஆள் வரவில்லை. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை, வாஷர் போயிருக்கிறது. ரெஜிலா வழக்கம்போல மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கொட்டி வைத்தேன். எனக்குத் தெரியாதா எது எந்த மாத்திரை என்று?

கல்யாண விஷயத்தை அவள் என்னிடம் சொன்னாள். கேட்கவில்லை. சொல்வதும் கேட்பதும் ஒன்றா?

ஜூன் 4, ஞாயிறு

மழை. குடையோடு ஆலயம் போனேன்.

கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று சபையில் அறிக்கை வாசிப்பது எங்கள் வழக்கம். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றும் கேட்பார்கள். எழுபத்தொரு வயதுக்குள் எத்தனையோ அறிக்கை கேட்டிருக்கிறேன். ஒருவனும் எழுந்ததில்லை. கேட்டு முடிப்பதற்குள் காணிக்கைப் பாட்டு தொடங்கிவிடும்.

"காலஞ்சென்ற ஆஸ்டினின் விதவை ரெஜிலாவுக்கும்" என்று போதகர் வாசித்தார். என் மகன் பெயரை இதே ஆலயத்தில் அவன் கல்யாணத்துக்கு வாசித்தார்கள். அவன் அடக்கத்துக்கு வாசித்தார்கள். இப்போது வேறொருவன் கல்யாணத்துக்கு வாசிக்கிறார்கள்.

நான் எழுந்தேன். "ஆட்சேபணை உண்டு" என்றேன்.

கீபோர்டில் பாட்டைத் தொடங்கியிருந்தவன் பாதியில் கையை எடுத்தான். பெண்கள் பக்கத்தில் ரெஜிலா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். போதகர் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர், நல்ல மாதிரி. முறைப்படி விசாரித்தார். பெண்ணுக்கு வேறு கணவன் இருக்கிறானா, மாப்பிள்ளைக்கு வேறு மனைவி உண்டா, இரண்டு பேரும் கட்டக்கூடாத உறவா என்றார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"அப்போ காரணம் என்னன்னு எழுதட்டும் ஐயா?"

"எங்கிட்ட கேக்கல்ல."

சபைச் செயலாளர் பால்ராஜுக்கு என்னை முப்பது வருடமாக ஆகாது. "அவளுக்கு முப்பத்திரண்டு வயசு ஓய். உம்மகிட்ட கேக்கணும்னு எந்தச் சட்டத்தில இருக்கு?" என்று பல்லைக் காட்டினான். ஏற்கத்தக்க காரணம் இல்லை என்று முடிவு செய்தார்கள். ஏற்க வேண்டாம், ஆனால் நான் சொன்னதைக் குறிப்பில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதினார்கள்.

குடையை ஆலயத்தில் மறந்துவிட்டேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் ரெஜிலா அதைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறாள். நான் நிற்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. குடையை விரிக்கவும் இல்லை. இரண்டு பேரும் நனைந்துகொண்டே வீடு வந்தோம்.

ஜூன் 5, திங்கள்

அவள் கையால் சாப்பிடுவதில்லை என்று முடிவு. மத்தியானத்துக்குச் சாளை மீன் குழம்பு வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து சட்டியைத் திறந்து பார்த்து, பூனை வந்ததா என்றாள்.

வந்தது என்றேன்.

ஜூன் 7, புதன்

அந்த பஸ்ஸில் ஏறினேன். என்னைப் பார்த்ததும் செல்வின் பதறுவான், 'மாமா' என்று குழைவான், டிக்கெட் வேண்டாம் என்பான், அப்போது அவனை நாலு பேர் முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளை ஆயத்தமாக வைத்திருந்தேன்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. முகத்தில் கண்டேன். ஆனால் "எங்க போணும் ஐயா?" என்றுதான் கேட்டான். கடைசி நிறுத்தம் என்றேன். டிக்கெட்டைக் கிழித்தான். காசை வாங்கினான். அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.

கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதே பஸ்ஸில் திரும்பினேன். மறுபடியும் டிக்கெட் எடுக்கச் சொன்னான். என்னிடம்!

இறங்கும்போது, பெரியவர் கால் ஊன்றட்டும் என்று டிரைவருக்கு விசிலடித்து நிறுத்தி வைத்தான். நான் என்ன கிழவனா? பஸ் முழுக்கப் பார்த்தது.

ஜூன் 8, வியாழன்

ஆவண எழுத்தர் சிவதாணுவிடம் போனேன். உயிலை மாற்ற வேண்டும், ரெஜிலா பெயரை அடிக்க வேண்டும் என்றேன். அவன் பழைய உயிலின் நகலை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் மாத்தாண்டாம். ஏற்கெனவே மாறியாச்சு."

நாலாவது பத்தியில் விரலை வைத்தான். மேற்படி ரெஜிலா மறுமணம் செய்யாதவரை மட்டுமே சொத்து அவளைச் சேரும். செய்தால் முழுவதும் இளைய மகன் ரிஜோவைச் சேரும்.

யார் சொல்லி இந்த வரியைப் போட்டாய் என்றேன்.

"யாரும் சொல்லல்ல. விதவை மருமகளுக்கு எழுதினா போடுத வரியாக்கும் அது. எங்க அப்பா காலத்துல இருந்து போடுதோம். வாசிச்சுக் கேட்டுட்டுத்தானே நீங்க கையெழுத்துப் போட்டீங்க?"

கேட்டேன்தான். அன்று அது சரியென்று பட்டது. இன்றைக்கும் அதில் தப்பு இருப்பதாகச் சொல்ல மாட்டேன். என் ஆத்திரம் வேறு. ஒரு வாரமாகத் தூங்காமல் கோபப்பட்டு நான் செய்ய வந்த வேலையை, கோபமே இல்லாத ஒருவன் இரண்டு வருடம் முன்பே பழக்கத்தில் செய்து முடித்து அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறான்.

உயிலையே கிழித்துப்போட்டால் என்ன என்றும் கேட்டேன். அப்போதும் ரெஜிலாவுக்கு ஒன்றும் இல்லை என்றான். உயில் இல்லாமல் நான் செத்தால் எங்கள் வாரிசுச் சட்டத்தில் பிள்ளையில்லாத மருமகளுக்குப் பங்கு கிடையாதாம். எழுதினால்தான் உண்டு.

ஆகவே நான் ஒன்றும் செய்ய வேண்டாம். இருபத்திரண்டாம் தேதி அவள் கழுத்தில் தாலி ஏறினால் வீடு தானாகப் போய்விடும்.

டீ வாங்கித் தந்தான். குடிக்காமல் வந்தேன்.

ஜூன் 9, வெள்ளி

இன்று காலைதான் உறைத்தது. உயில் எழுதிய அந்த வாரம் எனக்குக் கண் ஆபரேஷன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் பத்திரம் வாசிக்க நானே பழகியவன், இன்னொருவன் வாசித்ததை நம்பிக் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் அன்று கண்ணில் கட்டு. சிவதாணு கொடுத்த நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னேன்.

வாசித்தது ரெஜிலா. இரண்டு முறை வாசித்தாள். நாலாவது பத்தியில் குரல் நிற்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்குத் தெரியும். வீடு போகும் என்று தெரிந்துதான் கஞ்சிக்கு எதிரே வந்து நின்றிருக்கிறாள். நான் எதைக் காட்டி மிரட்டலாம் என்று இருந்தேனோ அதை அவள் முன்பே கழற்றி வைத்துவிட்டாள்.

இவளை என்ன செய்வது?

ஜூன் 11, ஞாயிறு

இரண்டாம் அறிக்கை. போதகர் வாசித்துவிட்டு என் பக்கம் பார்த்தார். எழுந்து, என் ஆட்சேபணை அப்படியே இருக்கிறது என்றேன். குறிப்பில் இருக்கிறது ஐயா, உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கார். பெங்களூரிலிருந்து ரிஜோ. ஆஸ்டின் வருஷ நினைவு நாளுக்கு லீவு கிடைக்காதவன் வந்திருந்தான். கூட ஒரு ஆள், மதில் ஓரத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தான்.

யார் என்றேன். எஞ்சினியர் ஃபிரெண்ட் அப்பா, சும்மா பார்க்க வந்தான் என்றான்.

சும்மா பார்ப்பவன் கையில் டேப் எதற்கு? சவப்பெட்டிக்கு ஆளை அளப்பதுகூடச் செத்த பிறகுதான். கேட்டுக்கு வெளியே போகச் சொன்னேன். டேப் சுருள்கிற சத்தத்தோடு போனான்.

ஜூன் 12, திங்கள்

ரிஜோ இன்று முழுக்க அன்பாக இருந்தான். மோட்டாருக்கு வாஷர் வாங்கிப் போட்டான். அண்ணி எடுத்தது நல்ல முடிவு, காலம் மாறிவிட்டது, விதவைக்கும் வாழ்க்கை உண்டு என்று எனக்குப் போதித்தான். ரெஜிலாவைப் பார்த்துக் கல்யாணப் புடவைக்குப் பணம் தரட்டுமா என்றான். அவள் வேண்டாம் என்றுவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அவள் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"அப்பா, நீங்க எதுக்கு சர்ச்சில போய் சண்டை போடுதீங்க? நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இருந்தா போதும். எல்லாம் தானா நம்மகிட்ட வரும். கர்த்தரா பாத்து வழி பண்ணினதாக்கும்."

"நாலாவது பத்திய எழுதினது கர்த்தர் இல்லலே. சிவதாணு."

அவனுக்கு நாலாவது பத்தி எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கமலபாய் அடக்கத்துக்குப் பிறகு அவன் இந்த வீட்டில் தங்கியது ஒரே ஒரு தடவை, அதுவும் உயில் பதிவான வாரம். இரண்டு வருடமாகக் காத்திருக்கிறான். என்னைப் பார்க்க வரவில்லை, இவள் எப்போது போவாள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சும்மா இருந்தால் போதுமாம். சாரத்தில் ஏறி நின்று வெயிலில் தோல் உரிந்து நான் சம்பாதித்த இடம். பால்ராஜ், சட்டத்தில் இடமில்லை சும்மா இரு என்கிறான். சிவதாணு, ஒன்றும் மாற்ற வேண்டாம் சும்மா இரு என்கிறான். பெற்ற பிள்ளை, சும்மா இரு சொத்து வரும் என்கிறான். அவள் ஒருத்திதான் என்னைச் சும்மா இரு என்று சொல்லவில்லை.

ரிஜோவை இன்று ராத்திரி பஸ்ஸுக்கே போகச் சொன்னேன். கார் இருக்கிறது அப்பா என்றான். அப்படியானால் இப்போதே போ என்றேன்.

ஜூன் 14, புதன்

சிவதாணுவிடம் போய்ப் புது உயில் எழுதச் சொன்னேன். வீடும் நிலமும் ரெஜிலாவுக்கு. நாலாவது பத்தியை எடுத்துவிடச் சொன்னேன்.

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "போன வாரம் அவ பேர அடிக்கணும்னு வந்தீங்க."

"போன வாரம் போன வாரம்."

அடுத்து அவளை எப்படிக் குறிப்பிடுவது என்ற பிரச்சினை. ஆஸ்டினின் விதவை என்று எழுதினால் வருகிற வாரம் அது மாறிவிடும். செல்வினின் மனைவி என்று இன்றைக்கு எழுத முடியாது. அவள் அப்பன் பேரைப் போடு, தாசையன் மகள் ரெஜிலா, அது மாறாது என்றேன். செத்துப் பல வருடமான தாசையன் எனக்கு உபகாரம் செய்தான்.

பிறகு காரணம். இருக்கிற மகனை விட்டுவிட்டு மருமகளுக்குக் கொடுத்தால் நாளைக்குக் கோர்ட்டில் கேட்பான், காரணம் வேண்டும் என்றான். அவனே 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்று எழுதத் தொடங்கினான்.

"அந்தப் பொய்யெல்லாம் வேண்டாம். கோபத்தினாலேன்னு போடு."

"அப்படிப் போட்டா உயில் நிக்காது அண்ணாச்சி. புத்தி பிசகிப்போச்சும்பான்."

ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் 'என் சொந்த விருப்பப்படியும் பூரண சுயநினைவோடும்' என்பதற்கு ஒத்துக்கொண்டேன். ரிஜோவுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு, அவனைப் படிக்க வைத்ததும் பெங்களூரில் ஃபிளாட் வாங்க முன்பணம் கொடுத்ததும் போதுமானது என்று எழுதினான். அது உண்மை.

ஜூன் 16, வெள்ளி

சுயநினைவுக்கு டாக்டர் சான்று வேண்டுமாம். போனேன். புதிதாக வந்த பெண் டாக்டர். "தாத்தா, இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள்.

"ஏன் மக்களே, உனக்குத் தெரியாதா?"

சான்று கொடுத்துவிட்டாள். பத்திர அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து இரண்டும் ஆனது. மதியத்துக்குள் பதிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்து ரிஜோவுக்கு நானே போன் செய்து சொன்னேன். பிறர் சொல்லி அறிய வேண்டாம். அவன் கத்தினதில் காது அடைத்தது. இந்தப் பக்கத்திலிருந்து நானும் குறைவாகக் கத்தவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

மூன்றாம் அறிக்கை. எழுந்தேன். இந்த முறை கீபோர்டுக்காரன் நான் உட்காருகிறவரை காத்திருந்துவிட்டுத்தான் கையை வைத்தான்.

முடிந்ததும் பால்ராஜ் பிடித்துக்கொண்டான். எனக்குத் தெரியாதென்று நினைக்காதே என்கிற முகம். வீட்டையே அவளுக்கு எழுதிவிட்டீராமே, பிறகு ஆட்சேபணையை வாபஸ் வாங்கி ஒரு கையெழுத்துப் போடும் ஓய், குறிப்பு சுத்தமாக இருக்கும் என்றான்.

வீடு வேறு, ஆட்சேபணை வேறு என்றேன். கையெழுத்துப் போடவில்லை.

ஜூன் 19, திங்கள்

ரெஜிலா இன்று வேலைக்குப் போகவில்லை. ரிஜோ அவளுக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறான். கிழவனை மயக்கினாள் என்றிருக்கிறான். நான் கொல்லையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு வீடு வேண்டாம் மாமா."

ஒரு தேங்காய் உரித்தேன்.

"நான் வீட்டுக்காக உங்களையும் அத்தையையும் பாத்தேன்னு அவிய சொல்லுவாவ. அந்தப் பேரு எனக்கு வேண்டாம். அந்த வரி அப்பிடியே இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சுதான் நான் தீருமானிச்சேன்."

"தெரிஞ்சா ஏன் ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"சொன்னா, வரிய எடுக்கச் சொல்லுதாள்னு நீங்க நினைப்பீங்க."

நினைத்திருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"செல்வினுக்கும் வேண்டாமாம். போய் மாத்தி எழுதுங்க மாமா."

எனக்கு வந்த கோபத்தில் தேங்காய் உரிக்கிற பாரைக் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் கை கிழிந்திருக்கும்.

"நீ கல்யாணம் செய்யப் போறேன்னு எங்கிட்ட கேட்டியா பிள்ளே? கேக்கல்ல. சொன்ன. நானும் உங்கிட்ட கேக்கல்ல. சொல்லுதேன். வீடு உனக்கு."

"நான் வாங்க மாட்டேன்."

"நான் செத்த பிறகு வந்து சொல்லு, வேண்டாம்னு. அப்ப நான் மறுத்துப் பேச மாட்டேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு குக்கர் வைத்தாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது மாத்திரைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, சர்க்கரை மாத்திரை எது, பிரஷர் மாத்திரை எது, எடுத்துக் காட்டுங்கள் என்றாள்.

இரண்டும் வெள்ளை. இரண்டும் வட்டம். வேண்டுமென்றே செய்கிறார்கள், இந்தக் கம்பெனிக்காரர்கள்.

ஜூன் 20, செவ்வாய்

அவள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மொத்தமே ஒரு பெட்டி, ஒரு தையல் மிஷின். ஆஸ்டின் போட்டோவை எடுக்கலாமா என்று கேட்டாள். இதற்கு மட்டும் கேட்கத் தெரிகிறது. எடுத்துக்கொள் என்றேன். பிறகு, வேண்டாம், இங்கே இருக்கட்டும், வருகிறபோது பார்த்துக்கொள் என்றேன்.

ஜூன் 22, வியாழன்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆட்சேபணை சொன்னவன் கல்யாணத்துக்குப் போனால் சொல்லுக்கு என்ன மதிப்பு? ஆனால் போகாவிட்டால் ரிஜோ கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று பால்ராஜ் சொல்லித் திரிவான். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். பெண் வீட்டார் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு ஒருவரும் இடம் காட்டவில்லை. நானே உட்கார்ந்தேன்.

செல்வின் கோட்டு போட்டிருந்தான். தோளில் பை இல்லாமல் அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரெஜிலா சாம்பல் நிறப் பட்டு. நன்றாகத்தான் இருந்தது.

ஆராதனையின் தொடக்கத்திலேயே போதகர், இந்த இருவரும் இணைவதற்குத் தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம், இல்லாவிட்டால் இனி எப்போதும் பேசக்கூடாது என்ற பகுதியை வாசித்தார். வாசித்துவிட்டு நிறுத்தினார். எந்தக் கல்யாணத்திலும் அந்த இடத்தில் ஒருவரும் அவ்வளவு நேரம் நிறுத்தியதில்லை.

ஆலயம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பாடகர் குழு, பால்ராஜ். செல்வின் பார்த்தான். ரெஜிலாவும் முக்காட்டை ஒதுக்கித் திரும்பிப் பார்த்தாள்.

இனி எப்போதும் பேசக்கூடாது என்றால் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? எழுந்து நின்றேன்.

"எனக்கு ஆட்சேபணை உண்டு" என்றேன். "அது எப்பவும் உண்டு. நீங்க நடத்துங்க."

உட்கார்ந்துவிட்டேன்.

போதகர் புத்தகத்தில் விட்ட இடத்தைத் தேடினார். அந்த அமைதியில் முன்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரெஜிலா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். ஆஸ்டின் இருந்தபோது அடுக்களையிலிருந்து கேட்ட சிரிப்பு. நான் மறந்தே போயிருந்தேன்.

கல்யாணப் பெண் ஆலயத்தில் அப்படிச் சிரிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு இரண்டு பேரும் இங்கே வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கேட்கவில்லை, சொல்லியிருக்கிறேன். வரட்டும், அவளை நன்றாகத் திட்ட வேண்டும்.